பால் கொடுக்கும்போதே எடையைக் குறைக்கலாமா? அவசரப்படாத அம்மாக்களுக்கு ஒரு கணக்கு!

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குத் திரும்பும் பெண்ணிடம் முதலில் விசாரிப்பது குழந்தையைப் பற்றி. அடுத்த விசாரணை அவள் உடம்பைப் பற்றி. 'என்னம்மா, ஆளே அடையாளம் தெரியாம ஊதிட்ட?' என்று வாசலிலேயே கேட்டுவிடுகிற அதே சித்தி, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, 'பால் கொடுக்கிறவ... இன்னொரு கரண்டி நெய் விட்டுக்கோ' என்பார். இரண்டும் அக்கறைதான். ஆனால், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் புது அம்மா.

ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போனைத் திறந்தால், பிரசவமான ஆறாவது வாரத்தில் தட்டையான வயிற்றோடு சிரிக்கும் நடிகைகளின் படங்கள். பழைய ஜீன்ஸ் இடுப்பில் ஏறவில்லை. ஆபீஸ் திரும்பும் தேதி நெருங்குகிறது. 'நாளையிலிருந்து ராத்திரி சாப்பாட்டை விட்டுடலாம்' என்ற முடிவு பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. அந்த முடிவுக்குப் போவதற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

தானாக இறங்கும் எடை எவ்வளவு?

கர்ப்ப காலத்தில் 11, 12 கிலோ கூடியது எல்லாமே கொழுப்பு அல்ல. குழந்தை சுமார் 3 கிலோ, நஞ்சுக்கொடி அரை கிலோவுக்குச் சற்று மேல், பனிக்குடநீர் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ. இதோடு ரத்த இழப்பையும் சேர்த்தால் பிரசவத்தன்றே 5 கிலோ அளவில் குறைந்துவிடும். உடலில் கூடுதலாகத் தேங்கிய நீர், முதல் ஒன்றிரண்டு வாரங்களில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறும். பிரசவமான பெண்களுக்கு ராத்திரியில் தலையணை நனையுமளவுக்கு வியர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கர்ப்பப்பையும் சுருங்குகிறது. பிரசவம் முடிந்தவுடன் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுள்ள அது, ஆறு வாரங்களில் 60 கிராம் அளவுக்கு வந்துவிடும். குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் இந்தச் சுருக்கத்துக்கு உதவுகிறது. முதல் சில நாள்களில் பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் பிடித்து இழுப்பதுபோல வலிப்பது இதனால்தான்.

ஆகவே, முதல் ஆறு வாரங்களில் எடையைக் குறைக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. செய்யவும் கூடாது. தையல் ஆற வேண்டும், ரத்த இழப்பு ஈடாக வேண்டும், பால் சுரப்பு நிலைப்பட வேண்டும். அதற்குப் பிறகும் தங்கியிருப்பதுதான், பால் கொடுப்பதற்காக உடல் முன்கூட்டியே சேமித்து வைத்த கொழுப்பு.

'பால் கொடுத்தாலே வெயிட் தானா குறைஞ்சிடும்' என்று சொல்லப்படுவது பாதி உண்மை. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி பால் தேவைப்படுகிறது. அந்தப் பாலில் மட்டும் ஏறக்குறைய 500 கலோரி போகிறது. ஆனால், பால் சுரக்கும் உடலுக்குப் பசியும் அதிகம். ஒரு கையால் செலவழித்ததை இன்னொரு கையால் நிரப்பிவிட்டால் எடை அப்படியே நிற்கும். சிலருக்கு ஏறவும் செய்யும்.

பத்தியத் தட்டில் என்ன இருக்கிறது?

இந்தியாவுக்கான உணவுப் பரிந்துரைகளை வகுக்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட 600 கலோரியும், அடுத்த ஆறு மாதங்களில் 520 கலோரியும் கூடுதலாகத் தேவை என்கிறது. முதல் ஆறு மாதங்களில் புரதமும் நாளொன்றுக்குச் சுமார் 17 கிராம் கூடுதலாக வேண்டும்.

இந்த 600 கலோரி நம் வீடுகளில் எப்படி வந்து சேர்கிறது? காலையில் எழுந்ததும் பூண்டு போட்ட பால். பதினொரு மணிக்கு மால்ட் பவுடர் கலந்த பால். சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. கெட்டிப் பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட 200 மில்லி டம்ளர் ஒன்றுக்கு 200 கலோரிக்குக் குறையாது. நான்கு டம்ளர் என்றால் 800. கூடுதல் தேவை முழுவதும் இதிலேயே தாண்டிவிட்டது. இனிதான் சாப்பாடு வருகிறது. சூடான சோற்றில் ஒரு பெரிய கரண்டி நெய் என்றால் 120 கலோரி; மூன்று வேளைக்கு 360. பிரசவ லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால், அதை உருட்டிப் பிடித்து வைத்திருப்பது கருப்பட்டியும் நெய்யும் நல்லெண்ணெயும். நெல்லிக்காய் அளவு உருண்டை என்று ஆரம்பித்தது எலுமிச்சை அளவாக மாறுவதை எந்த வீட்டிலும் யாரும் கவனிப்பதில்லை!

நம் பாட்டிமார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் காலத்தில் பத்து மாதமும் வயலிலும் அடுக்களையிலும் வேலை செய்த, ரத்தச் சோகையோடு ஒல்லியாக இருந்த பெண்களுக்காக உருவான பத்தியம் அது. குழந்தை பிறந்த முப்பதாம் நாள் குடத்தோடு தண்ணீருக்கு நடந்தவர்களுக்கு அந்த நெய் தேவைப்பட்டது. இன்று கர்ப்பத்திலேயே 15 கிலோ கூடி, 'கட்டிலைவிட்டு இறங்காதே' என்று பார்த்துக்கொள்ளப்படும் பெண்ணுக்கு அதே அளவு பொருந்தாது. பொருள்கள் சரி, அளவுதான் இடிக்கிறது.

இன்னொரு பக்கம், இந்தத் தட்டில் இல்லாதவையும் நிறைய. பல வீடுகளில் காய்கறி என்றால் கத்தரிப்பிஞ்சும் முருங்கையும்தான். 'குழந்தைக்குச் சளி பிடிக்கும்' என்று பழம் கிடையாது, தயிர் கிடையாது. 'வாயு' என்று பருப்பும் பயறும் கிடையாது. 'தையல் சீழ் பிடிக்கும்' என்று முட்டையும் தள்ளிவைக்கப்படும். கடைசியில் மிஞ்சுவது சோறு, ரசம், நெய், ரொட்டி, பால். மாவுச்சத்தும் கொழுப்பும் நிறைய; புரதமும் நார்ச்சத்தும் குறைவு. இப்படிச் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். பிஸ்கட் டப்பா எங்கே என்று கை தேடும். மலச்சிக்கலும் கூடவே வரும். தாய் சாப்பிடும் தயிரால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. புண் ஆறுவதற்கே புரதம்தான் வேண்டும்.

அதே 600 கலோரியை வேறு விதமாகவும் சாப்பிடலாம். ஒரு கிண்ணம் அவித்த கொண்டைக்கடலை, ஒரு முட்டை, சர்க்கரை போடாத ஒரு டம்ளர் சாதாரண பால், ஒரு வாழைப்பழம், கூடுதலாக இரண்டு இட்லி. இவ்வளவும் சேர்ந்தே 550, 600 கலோரிதான். வயிறும் நிறையும், கேட்ட 17 கிராம் புரதத்துக்கு மேலேயே கிடைத்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் இன்னொரு கரண்டி பருப்போ, ஒரு கிண்ணம் தயிரோ வைத்துக்கொள்ளலாம்.

நெத்திலி, மத்தி, மோர்க்குழம்பு, முருங்கைக்கீரை, பூண்டுக்குழம்பு எதையும் விட வேண்டாம். சுறாப்புட்டு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'பால் ஊறும்' என்று பிரசவ வீட்டுக்குத் தேடி வாங்கி வருவது சுறாதான். ஆனால், பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்கிறது என்பதால், பாலூட்டும் தாய்மார்கள் சுறாவைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே அறிவுறுத்துகிறது. வாரம் மூன்று நாள் சுறாப்புட்டு செய்யும் வீடுகள், நெத்திலிக்கு மாறிக்கொள்வது நல்லது. விலையும் குறைவு.

பால் நிறையச் சுரக்க நிறையப் பால் குடிக்க வேண்டும் என்பதும் இல்லை. குழந்தை எவ்வளவு முறை, எவ்வளவு நன்றாக உறிஞ்சுகிறதோ அதைப் பொறுத்துத்தான் சுரப்பு. பசுவுக்கு யாரும் பால் கொடுப்பதில்லையே!

'தண்ணி குடிச்சா தொப்பை விழும்'

சிசேரியன் ஆன பெண்களிடம் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் இது. தண்ணீருக்கும் தொப்பைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாலூட்டும் பெண்ணுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்ததுமே தாகம் எடுப்பது இயல்பு. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்க வேண்டும். தாகத்துக்குக் குடித்தால் போதும். லிட்டர் கணக்கு வைத்துக்கொண்டு வலுக்கட்டாயமாகக் குடிக்கவும் வேண்டாம். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைவலி எல்லாம் வரும். தாகத்தைப் பசி என்று நினைத்துத் தின்பண்டத்தை எடுப்பதும் நடக்கும்.

வயிற்றில் துணி கட்டுவதும் அப்படியே. பழைய காட்டன் சேலையை இதமாகக் கட்டினால் இடுப்புக்கும் தையலுக்கும் ஒரு தாங்கல் கிடைக்கும், நடக்கச் சுலபமாக இருக்கும். கொழுப்பை அது கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் வயிற்று அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடியிடுப்புத் தசைகளைப் பாதிக்கும். ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விற்கும் பெல்ட்டுகளுக்கும் இதே பதில்தான்.

மாதம் 2 கிலோ போதும்

ஆறு வாரத்துக்குப் பிறகு, மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்னபிறகு, வாரம் அரை கிலோ என்ற வேகத்தில் எடை குறைவதால் தாய்ப்பாலுக்குப் பாதிப்பில்லை. இது வெறும் அனுமானம் அல்ல. அமெரிக்காவில் அதிக எடையுடன் இருந்த, தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்த 40 பெண்களை வைத்து நடந்த ஆய்வு, 2000-ம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. ஒரு பிரிவினர் பிரசவமான நான்காவது வாரத்திலிருந்து பத்து வாரங்களுக்கு, தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டு, வாரம் நான்கு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சியும் செய்தார்கள். சராசரியாக 4.8 கிலோ குறைந்தார்கள். அவர்களின் குழந்தைகளும் மற்ற பிரிவினரின் குழந்தைகளும் ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் ஏற்கெனவே அதிக எடை உள்ளவர்கள், ஆய்வாளர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பது. கர்ப்பத்துக்கு முன்பே 45 கிலோவில் இருந்து, இப்போது 50 ஆகிவிட்டதே என்று கவலைப்படுபவருக்கு 500 கலோரியைக் குறைக்கும் யோசனை பொருந்தாது. அவருக்குச் சத்தான சாப்பாடும் கொஞ்சம் நடையும் போதும்.

மேலே பார்த்த கணக்குப்படி, நம் வீடுகளில் 500 கலோரியைக் குறைக்கப் பட்டினி கிடக்கவே வேண்டியதில்லை. நான்கு டம்ளர் பாலை இரண்டாக்கி, சர்க்கரையை நிறுத்தி, நெய்யைப் பெரிய கரண்டியிலிருந்து டீஸ்பூனுக்கு மாற்றினாலே அந்த 500 தாண்டிவிடும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் கூட்டும் பயறும் வந்தால் பசியும் தெரியாது.

இவற்றின் பக்கமே போக வேண்டாம்

ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்குக் கீழே போகும் எந்த டயட்டும் பாலூட்டும் காலத்துக்கு ஏற்றதல்ல. சாப்பாடு குறைந்தால் பாலின் அளவு உடனே குறைந்துவிடும் என்பதில்லை. உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும். தாயின் எலும்பிலிருந்துகூடக் கால்சியம் பாலுக்குப் போகும். கடன் ஏறுவது தாயின் உடம்பில். வைட்டமின் பி12, அயோடின் போன்றவற்றில் நிலைமை வேறு. தாயிடம் இல்லையென்றால் பாலிலும் குறைந்துவிடும். சைவம் சாப்பிடும் பெண், 'வெயிட் குறையணும்' என்று பால், தயிரையும் மொத்தமாக நிறுத்தினால் குழந்தைக்கே பி12 பற்றாக்குறை வரலாம். அது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம். அப்படிப்பட்டவர்கள் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

கீட்டோ டயட் இன்னும் ஆபத்து. மாவுச்சத்தை அடியோடு நிறுத்திய பாலூட்டும் பெண் ஒருவர், ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை ஸ்வீடன் மருத்துவர்கள் 2015-ல் பதிவு செய்தார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. பால் கொடுக்கும் உடலில் குளுக்கோஸ் செலவு அதிகம் என்பதால், மற்றவர்களுக்கு ஓரளவு ஒத்துக்கொள்வது இவர்களைச் சாய்த்துவிடும். வாந்தி, கடும் சோர்வு, மூச்சு வாங்குவது எல்லாம் அறிகுறிகள்.

ஸ்லிம்மிங் டீ என்று விற்பவற்றில் பலவற்றில் நிலாவரை போன்ற பேதி மூலிகைகள் இருக்கும். போவது நீர்தான், கொழுப்பு அல்ல. இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற எடைக் குறைப்பு ஊசிகள், பாலூட்டும் பெண்களிடம் போதுமான அளவு ஆய்வு செய்யப்படாதவை. தோழி போட்டுக்கொண்டார் என்பதற்காகப் போட்டுக்கொள்ளும் விஷயமல்ல. சஷ்டி, கிருத்திகை போன்ற முழு நாள் விரதங்களையும் ஆறு மாதம் தள்ளிவைக்கலாம். பாலூட்டும் தாய் நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளும் சலுகை இஸ்லாத்திலேயே உண்டு.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முடி கொட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹார்மோன் மாற்றத்தால் பலருக்கும் நடப்பது அது. ஆனால், அந்த நேரத்தில் கடுமையான டயட்டும் சேர்ந்தால் கொட்டுவது இரட்டிப்பாகும்.

உடற்பயிற்சி எப்போது?

சுகப்பிரசவமோ சிசேரியனோ, மெதுவான நடையை மருத்துவமனையிலிருந்து வந்த சில நாள்களிலேயே வீட்டுக்குள் ஆரம்பிக்கலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு தெருவில். தினமும் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்பது இலக்கு. பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் கணக்கில் சேரும். கிளம்புவதற்கு முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டால் மார்பு கனக்காது. உடற்பயிற்சி செய்தால் பால் புளித்துவிடும் என்பது கட்டுக்கதை.

தொப்பையைக் குறைக்க யூடியூப் பார்த்து நேராக சிட்-அப்ஸில் இறங்குவதுதான் பலர் செய்யும் தவறு. கர்ப்பத்தில் வயிற்றின் நடுத்தசைகள் இரண்டாகப் பிரிந்து விலகியிருக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கித் தொப்புளுக்கு மேலே விரல்களால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தால் முதலில் பிசியோதெரபிஸ்ட். இருமும்போது சிறுநீர் கசிந்தால் ஸ்கிப்பிங்கும் ஓட்டமும் வேண்டாம். அடியிடுப்புத் தசைப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும்.

தூக்கம் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது தினமும் ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிய தாய்மார்களுக்கு, ஒரு வருடம் ஆன பிறகும் 5 கிலோவுக்கு மேல் எடை தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறுகிறது. விடிகாலை மூன்று மணிக்குக் குழந்தையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே முறுக்கு தின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது தாய் தனியாகச் சரிசெய்யக்கூடியது அல்ல. பாலை அவர்தான் கொடுக்க முடியும். ஏப்பம் விடவைப்பது, டயப்பர் மாற்றுவது, தூளியாட்டுவது எல்லாம் அப்பாவும் செய்யலாம். 'அவளுக்கு வெயிட் போட்டுடுச்சு' என்று சொல்லும் கணவர், விடிகாலை ஷிஃப்ட்டை எடுத்துக்கொள்வது எந்த ஜிம் மெம்பர்ஷிப்பைவிடவும் உதவும்.

கண்ணாடி பார்க்கவே பிடிக்காமல், காரணமில்லாமல் அழுகை வந்து, குழந்தையைத் தூக்கவே மனம் வராமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது உடல் எடைப் பிரச்னை அல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற 'டெலி மனஸ்' இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எந்த எடைமேடையைப் பார்ப்பது?

டயட் சரியாகப் போகிறதா என்பதற்கான முதல் சான்று குழந்தையின் எடை. முதல் மூன்று மாதங்களில் குழந்தை ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் கூட வேண்டும். பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரட்டிப்பாக வேண்டும். 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது அட்டையில் குறிக்கும் எடையைப் பாருங்கள். கோடு மேலே போகிறதென்றால் உங்கள் சாப்பாட்டு மாற்றத்தைத் தொடரலாம். படுத்துவிட்டதென்றால் டயட்டை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். தாயும் அதே நாளில் எடை பார்த்துக்கொண்டால் போதும். தினமும் காலையில் ஏறி நின்று மனதை வதைத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாடு, நடை எல்லாம் சரியாக இருந்தும் எடை இறங்கவில்லை, அல்லது ஏறிக்கொண்டே போகிறது என்றால் தைராய்டு பரிசோதனை அவசியம். பிரசவமான ஒரு வருடத்துக்குள் சிலருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வரும். சோர்வு, முடி கொட்டுதல், எடை என்று எல்லாவற்றையும் 'குழந்தை பெத்த உடம்பு' என்று சொல்லி விட்டுவிடுவதால் பலருக்குத் தெரியாமலே போகிறது. இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள்கள் சாப்பிட வேண்டும் என்பது அரசின் பரிந்துரை. டெலிவரி முடிந்ததும் அந்த அட்டையைத் தூக்கி அலமாரியில் போட்டவர்கள் மறுபடி எடுக்கலாம்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். எடையைக் குறைப்பது உண்மையிலேயே அவசியமானதும் அவர்களுக்குத்தான். காலையில் வெறும் வயிற்றில் போய் இரண்டு மணி நேரம் லேபில் காத்திருக்க வேண்டியிருக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள். முடிந்ததும் சாப்பிட, வீட்டிலிருந்தே டிபனையும் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.